விஜயரத்தினத்தின் ஆக்கள்

பொறியில் கருவாட்டுத் தலையை நூலால் கட்டும்போது விஜயரத்தினம் பேசமாட்டார். மூச்சையும் பக்கவாட்டில் திரும்பித்தான் விடுவார். நூலை மூன்று சுற்றுச் சுற்றி, பல்லால் கடிக்காமல் கத்தரியால் நறுக்கி, முடிச்சின் மேல் கரித்தூள் பூசுவார். பல் பட்டால் எச்சில் மணம் ஒட்டிக்கொள்ளுமாம். எல்லாம் முடிந்து பொறியைச் சுவரோரமாகத் தள்ளிவிட்ட பிறகுதான் நிமிர்வார். கால்மணி நேரமாக நான் பக்கத்தில் நிற்பதை அப்போதுதான் கண்டவர்போல, "வாங்கோ மிஸிஸ் ரகுநாதன். எப்ப வந்தனீங்கள்?" என்பார்.

அவரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். "எலி விழுந்ததா?" என்று மட்டும் கேட்கக் கூடாது. அந்த வார்த்தையை அவர் சொல்வதில்லை. பிறர் சொன்னாலும் உதட்டில் விரலை வைத்துவிடுவார். பெயரைச் சொன்னால் அவற்றின் காதில் விழும், விழுந்தால் துணியைக் கடித்துப் பழி தீர்க்கும் என்பது அவர் நம்பிக்கை. ஆகவே அவருக்கு அவை 'ஆக்கள்'. "ரா ஆக்கள் வந்தவை. ரெண்டு பேர் போய்ச் சேர்ந்திட்டினம். ஒராள் வாலை விட்டிட்டுத் தப்பிட்டார்" என்று, ஊரில் நடந்த சாவை அறிவிப்பதுபோல மரியாதையாகச் சொல்வார்.

ஐம்பத்திரண்டு வயது. ஒல்லியான, நெடிய உடம்பு. தேவாலயத்தில் கொடுத்த கறுப்புக் கோட்டு ஒன்றை வீட்டுக்குள்ளும் கழற்றமாட்டார். அதன் உட்புறத்தில் யாரோ ஒரு ஜெர்மானியரின் பெயர் சிவப்பு நூலால் தைத்திருக்கிறது. இறந்தவரின் கோட்டு என்று அவருக்குத் தெரியும். "கோட்டுக்காரன் நல்லாய்ச் சாப்பிட்டு வாழ்ந்திருக்கிறான். எனக்கு ரெண்டு சுத்து வருது" என்பார். அதன் பைகளில் நூல்கண்டு, கத்தரி, கரித்துண்டு, காகிதத்தில் சுற்றிய கருவாடு. பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும். தம் கறுப்புத் தோலால்தான் அப்படி என்று அவர் எண்ணியிருந்தார். கருவாட்டைப் பற்றி நான் எடுத்துச் சொன்னபோது முகம் சற்றுத் தெளிந்தது. "அப்பிடியெண்டால் பரவாயில்லை" என்றார்.

ஜெர்மனியில் நான் குடியிருந்த ஆஹென் நகரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் அந்த வீடு வரும். ஒரு காலத்தில் அது வழிப்போக்கர் தங்கும் விடுதி. மான் தலை வரைந்த பெயர்ப்பலகை இன்னும் வாசலில் தொங்குகிறது. கூரை ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. நிலவறையில் மரப்பந்தை உருட்டி விளையாடும் நீண்ட கூடம் ஒன்று உண்டு. பந்துகள் போய்விட்டன, பலகைத் தரை மட்டும் உளுத்துக் கிடக்கிறது. இந்த வீட்டைத்தான் அகதி விண்ணப்பம் போட்ட தமிழர் பதினான்கு பேருக்கு நகரசபை ஒதுக்கியிருந்தது. வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்டக் காகிதம் வேண்டும். புதன்கிழமைதோறும் நான் அரிசியும் பால்மாவும் எடுத்துக்கொண்டு அங்கே போவது வழக்கம்.

வீட்டைச் சுற்றி, சர்க்கரை ஆலைக்குக் கிழங்கு விளைவிக்கும் வயல்கள். 1986 அக்டோபரில் பெரிய இயந்திரம் ஒன்று வந்து அந்த வயல்களைப் புரட்டிப் போட்டது. மண்ணுக்குள் வாழ்ந்தவை எல்லாம் ஒரே வாரத்தில் வீட்டை நோக்கி வந்துவிட்டன. சாண் நீளம், வால் தனி. உளுத்த பலகைத் தரைக்கடியில் குடியேறின. பகலிலேயே சமையலறைக் குழாயின் மேல் ஓடின. படுத்தவர்களின் தலைமாட்டில் சுவரைப் பிறாண்டின.

கிளிநொச்சியில் நெல் களஞ்சியம் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் பொறுப்பாளராக இருந்தவர் விஜயரத்தினம். "பத்தாயிரம் மூடை நெல்லுக்கை படுத்தெழும்பினவன் நான். என்னட்டை விடுங்கோ" என்று, யாரும் கேட்காமலே அந்த வேலையை எடுத்துக்கொண்டார். புதுப் பொறியை முதல் நான்கு நாள் விசை ஏற்றாமல் வெறுமனே வைப்பார். "புது இடத்துக்கு வந்தால் நாங்கள் பயப்பிடேல்லையே? அவையும் அப்பிடித்தான். பழகட்டும்" என்பார். ஐந்தாம் நாள் விசை ஏறும். விடிந்ததும் வாளியோடு நிலவறைக்குள் இறங்குவார். செத்தவற்றை வயலோரம் முழங்கை ஆழம் தோண்டிப் புதைப்பார். புதைத்து முடித்ததும் ஒரு கணம் நிற்பார். எதற்கு நிற்கிறார் என்று நான் கேட்டதில்லை.

களஞ்சியம் எரிந்த பிறகு இராணுவத்தினர் அவரைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவரை மனைவி சிவமலர் ஒரு நாள்கூட வீட்டில் தங்க விடவில்லை. கையில் பையைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். அவளும் பதினான்கு வயது மகள் கலாதேவியும் பின்னால் வருவதாக ஏற்பாடு. ஜூன் மாதம் ஒரு கடிதம் வந்தது. வேறிடம் போவதாகவும், போனதும் எழுதுவதாகவும் அதில் இருந்தது. அதன் பிறகு ஐந்து மாதம் ஒன்றும் இல்லை. தபால்காரரின் மஞ்சள் வண்டி வரும் வேளையில் பொறி வேலையைப் போட்டுவிட்டு வாசலில் நிற்பார். வண்டி நிற்காமல் போனதும் மறுபடி குனிந்துகொள்வார்.

அக்டோபர் கடைசியில்தான் அந்தக் கொடுமை நடந்தது. அந்த வீட்டில் ஒரே ஒரு குழந்தை, பாமா. ஏழு மாதம். தாய் தேவமலர் குளியலறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தகப்பன் ஆனந்தராசா நகருக்குப் போயிருந்தான். தரையில் விரித்த மெத்தையில் தனியாகத் தூங்கிய குழந்தை வீறிட்டது. தேவமலரின் பெரியம்மா பாலாம்பிகைதான் முதலில் ஓடிப்போய்த் தூக்கினாள். குழந்தையின் இடது காலில் சுண்டுவிரல் நுனியைக் காணவில்லை. அந்தக் காலைத் தன் வாயருகே வைத்து ஊதிக்கொண்டே, செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடி, கண்ட காரையெல்லாம் கை காட்டி மறித்தவள் அவள்தான். மருத்துவமனைத் தாதி அவள் சேலையின் இரத்தத்தைப் பார்த்துவிட்டு, கடிபட்டது அவள்தானோ என்று எண்ணினாளாம்.

மூன்றாம் நாள் நகரசபையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வீடு முழுவதும் சுற்றினார். சமையலறைக் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டினார். உணவை வெளியே போடக் கூடாது என்று எழுதி, பக்கத்தில் படமும் போட்டிருந்தது. பிறகு தவணையைச் சொன்னார். டிசம்பர் முதல் திங்கட்கிழமை சுகாதார அலுவலர் வருவார். அன்று ஓர் எச்சம் கண்ணில் பட்டாலும் வீடு மூடப்படும். பதினான்கு பேரும் ஐந்து ஊர்களுக்குப் பிரித்து அனுப்பப்படுவார்கள். பெரியம்மா ஓர் ஊர், பெறாமகள் ஓர் ஊர். ஒருவரையொருவர் போய்ப் பார்க்கவும் காகிதம் வேண்டும்.

"வீடு மாறினாலும் தபாலைப் புது விலாசத்துக்கு அனுப்பி வைப்பார்கள்" என்று விஜயரத்தினத்துக்கு நான் ஆறுதல் சொன்னேன்.

அவர் பொறியின் விசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கடிதம் வரும், மிஸிஸ் ரகுநாதன். கடிதமாய் வராமல் ஆளாய் வந்து நிண்டால்? பாசை தெரியாத ரெண்டு பேர், பூட்டின கதவைத் தட்டிப்போட்டு எங்கை போறது?"

நகரசபை அனுப்பிய நஞ்சுக்காரர் ஒரு நாள் வந்து, நீல நிறம் ஏற்றிய நஞ்சுக் கோதுமையை மூலை முடுக்கெல்லாம் வைத்துவிட்டுப் போனார். பத்து நாளாயிற்று. அதில் ஒரு கோதுமை மணிகூடக் குறையவில்லை. பொறிகளிலும் வரவு குறைந்தது. ஆனால் சுவருக்குள் ஓட்டம் மட்டும் கூடிக்கொண்டே போனது. விஜயரத்தினம் எல்லாரையும் சமையலறையில் கூட்டினார். அன்று நானும் இருந்தேன்.

"நீல விதை அப்பிடியே கிடக்கு. ஏன் எண்டு ஆருக்காவது விளங்குதே?"

"ஜெர்மன் சாப்பாடு எங்களுக்கே இறங்குதில்லை அண்ணை. உங்கட ஆக்களுக்கு எப்பிடி இறங்கும்?" என்றான் ஆனந்தராசா. மகளின் காலுக்குக் கட்டுப் போட்ட நாளிலிருந்து அவன் சொன்ன முதல் பகிடி அது. ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

"சிரியுங்கோ. ஐஞ்சு ஊரிலை இருந்து கொண்டு ஐஞ்சு விதமாய்ச் சிரிப்பம்." விஜயரத்தினம் குரலை உயர்த்தவில்லை. "வயிறு நிரம்பியிருக்கேக்கை ஆர் உந்த விதையைத் தொடுவினம்? அவைக்கு எங்கையோ நல்ல சாப்பாடு கிடைக்குது. வேளைக்கு வேளை கிடைக்குது. ஆர் வெளியிலை சோறு கொட்டுறது? இப்பவே சொல்லுங்கோ. நான் ஒண்டும் பேசமாட்டன்."

"என்ர பிள்ளையின்ர காலைப் பாத்துக்கொண்டு நான் கொட்டுவனே அண்ணை?" என்று தேவமலர் அழத் தொடங்கினாள்.

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த பாலாம்பிகை கத்தியைக் கீழே வைத்தாள். "சோத்தைக் கொட்டுற ஆக்களே அண்ணை நாங்கள்? ஒரு பருக்கை நிலத்திலை விழுந்தாலும் எடுத்துக் கண்ணிலை ஒத்துறனாங்கள்."

அவள் பொய் சொல்லவில்லை.

பாலாம்பிகையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவளுக்கு ஒரே மகன், குகதாசன். பத்தொன்பது வயதில் அவன் போன பஸ்ஸை மறித்து, இறக்கிக் கொண்டுபோனார்கள். ஒரு வருடம் முகாம் முகாமாக அலைந்தாள். அவனோடு அடைபட்டிருந்து வெளியே வந்த ஒருவன், இனித் தேட வேண்டாம் அம்மா என்று சொன்னான். உடம்பு கிடைக்கவில்லை. எட்டாம் நாள் எட்டுச்செலவு இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் இல்லை. தங்கை மகள் தேவமலர்தான் அவளை இழுத்துக்கொண்டு இங்கே வந்தாள். மத்தியானத்தில் தன் சாப்பாட்டுத் தட்டோடு பின்வாசல் வழியாக வெளியே போவாள். தனியாக இருந்து உண்ண விரும்புகிறாள் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். அவள் மெலிந்துகொண்டே வந்தாள். கவலை என்று நினைத்தோம்.

அடுத்த புதன்கிழமை நான் போனபோது விஜயரத்தினம் நிலவறை வாசலிலேயே என்னை நிறுத்தினார். "கால் வையாதேங்கோ. கொஞ்சம் அசையாமல் நில்லுங்கோ."

பந்து விளையாடிய கூடத்தின் நீளம் முழுவதும் கோதுமை மாவைச் சல்லடையால் தூவியிருந்தார். அதன்மேல் நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு கால் தடங்கள். முன்காலுக்கு நான்கு விரல், பின்காலுக்கு ஐந்து. நடுவில் வால் இழுத்த கோடு. அவர் குந்தியிருந்து, கைவிளக்கைத் தரையோடு சாய்த்து, கடிதம் வாசிப்பதுபோல வாசித்தார். "பாருங்கோ. எல்லாரும் ஒரே பக்கம்தான் போகினம். கோயில் திருவிழாவுக்குப் போற மாதிரி. திரும்பி வரேக்கை அடி ஆழமாய்ப் பதிஞ்சிருக்கு. வயிறு நிரம்பி வருகினம்."

தடங்கள் சுவரின் ஓட்டை ஒன்றில் முடிந்தன. அதன் மறுபக்கம் பழைய நிலக்கரிக் கொட்டில். நாங்கள் வெளியே சுற்றிப் போய் அதற்குள் நுழைந்தோம். பலகை இடுக்கு வழியாகத் தெற்குச் சுவரோரம் ஒரு தட்டைக் கல் தெரிந்தது. கழுவித் துடைத்த கல். சுற்றிலும் கூட்டிப் பெருக்கியிருந்தது. அந்த வீட்டில் அவ்வளவு சுத்தமான இடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். பின்கதவு திறந்தது. பாலாம்பிகை வந்தாள். தலை முழுகியிருந்தாள். கையில் தட்டு. கல்லின் மேல் வாழையிலைக்குப் பதிலாக ஒரு கோவா இலையை, முட்டைக்கோசின் அகன்ற வெளியிலையை, விரித்தாள். சோற்றைக் குவித்தாள். காகத்துக்கு வைக்கிற ஒரு பிடி அல்ல. பத்தொன்பது வயதுப் பிள்ளை வயிறு நிறையச் சாப்பிடுகிற அளவு. பருப்பு ஊற்றினாள். அவித்த முட்டை ஒன்றைப் பாதியாக அரிந்து மேலே வைத்தாள். தட்டில் அவளுக்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை. தெற்கே பார்த்து நின்று, "கா... கா..." என்று கூப்பிட்டாள். அந்தக் குரலை என்னால் எழுத முடியாது. கைகூப்பிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். பார்த்துக்கொண்டு நின்றால் காகம் கூச்சப்படும் என்று நினைத்திருப்பாள்.

வயலோரத்து நெட்டை மரத்தின் உச்சியில் காகம் இருந்தது. இந்த நாட்டுக் காகம் நம்மூர்க் காகம் அல்ல; மனிதர் வைத்ததைத் தொட அதற்குப் பயம். தலையைச் சாய்த்துப் பார்த்தது. இறங்கவில்லை.

சுவரடியில் மண் அசைந்தது. முதலில் ஒன்று வந்தது. பிறகு மூன்று. பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். பட்டப்பகலில், ஒரு தாய் பிள்ளைக்குப் படைத்த சோற்றை அவை மொய்த்தன. முட்டைக்காக இரண்டு சண்டை போட்டன. ஐந்து நிமிடத்தில் இலை வெறுமையாயிற்று. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். விஜயரத்தினம் பலகையைப் பிடித்திருந்தார்.

"சொல்லிவிடுங்கள்" என்றேன்.

"என்னெண்டு சொல்லுறது? நாள் தவறாமல் பொடியன் வந்து சாப்பிட்டிட்டுப் போறான் எண்டு இருக்கிறா. சொன்னால், அப்ப இவ்வளவு நாளும் திண்டது ஆர் எண்டு கேப்பா. பேந்து பாமாவின்ர காலைப் பாப்பா."

"அவளுக்குத் தெரியாமல் இலையை எடுத்து எங்காவது போட்டுவிடுங்களேன்."

"எங்கை போடுறது? வயலிலை போட்டாலும் ஆக்கள்தான், வாய்க்காலிலை போட்டாலும் ஆக்கள்தான். படைச்ச சோத்தைக் கக்கூசுக்கையே போடச் சொல்லுறியள்?" பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பாலாம்பிகை என்னட்டையும் ஒருக்காச் சொன்னவ. அண்ணை, நீங்களும் ஒரு பிடி வையுங்கோ, மனம் ஆறும் எண்டு. நான் கத்திப்போட்டன். என்ர மனிசியும் பிள்ளையும் உயிரோடை இருக்கினம். செத்தவையின்ர சோத்திலை என்ர கை படக்கூடாது. பட்டால் அது என்ர வீட்டுக்கை வந்திடும்."

அரைமணி கழித்து பாலாம்பிகை இலையை எடுக்க வந்தாள். வெறும் இலையைக் கண்டதும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நாங்கள் இருவரும் பார்த்தோம். அவள் உள்ளே போனதும், விஜயரத்தினம் கோட்டின் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு, சொல்லிவிடுவது என்ற முடிவோடு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

"பாலாம்பிகை."

"ஓமண்ணை." அடுப்படியில் நின்று இலையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பின்பக்கம், அந்தக் கல்லிலை..."

"கண்டனீங்களே அண்ணை?" அவள் சட்டென்று திரும்பினாள். "நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கண்ணூறு படும் எண்டு. ஒரு நாளும் தவறுறேல்லை, தெரியுமே? மழையெண்டாலும் வருது. காகம் வந்ததை நீங்கள் மெய்யாய்க் கண்டனீங்களே?"

விஜயரத்தினம் அவள் கையிலிருந்த இலையைப் பார்த்தார். டிசம்பர் முதல் திங்களுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

"கண்டனான்" என்றார்.

"எப்பிடி அண்ணை இருந்தது?"

"பெரிசு. கறுப்பு. கழுத்தடியிலை மட்டும் கொஞ்சம் சாம்பல்."

"எங்கட ஊர்க் காகம் போலை." அவள் கண்கள் நிறைந்தன. "முதல் எதிலை வாய் வைச்சது?"

"முட்டையிலை."

"அவனுக்கு முட்டையெண்டால் சரி" என்றாள் பாலாம்பிகை. ஈரக் கோவா இலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தால் அழுகிற ஒருத்தியை அந்த வீட்டில் நான் அன்றுதான் பார்த்தேன். விஜயரத்தினம் கதவில் ஒட்டியிருந்த நகரசபைக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நிலவறைக்குள் இறங்கிப் போய்விட்டார்.

அதன் பிறகு எனக்குக் காய்ச்சல். இரண்டு புதன்கிழமைகள் போக முடியவில்லை. படுக்கையில் கிடந்தபடி ஐந்து ஊர்களையும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் முதல் திங்கள் கழிந்து புதன்கிழமை போனேன். வாசலிலேயே பாயச மணம். சுகாதார அலுவலர் வந்தாராம். கைவிளக்கோடு இரண்டு மணி நேரம் தேடினாராம். பலகைத் தரையைக்கூடப் பெயர்த்துப் பார்த்தாராம். ஓர் எச்சம் இல்லை. கோடை வரைக்கும் வீடு இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாராம். "நஞ்சு விதையை அள்ளி அள்ளித் திண்டினம் அக்கா, திடீரெண்டு" என்றான் ஆனந்தராசா. "ஒரு நாளிலை பதினொரு பேர். அண்ணைக்குக் கிடங்கு வெட்டிக் கை கொப்பளிச்சுப் போச்சு." பாமா அவன் மடியில் கட்டு அவிழ்த்த காலை ஆட்டிக்கொண்டிருந்தது. மழுங்கிய அந்தச் சின்ன விரலை அவன் உள்ளங்கையால் மூடியிருந்தான்.

"அவர் எங்கே?" என்றேன்.

"மத்தியானத்திலை அண்ணை சமையலறைப் பக்கமே வாறேல்லை" என்றாள் தேவமலர். "மூண்டு கிழமையாய் விரதம். சிவமலர் அக்காவும் பிள்ளையும் வரவேணும் எண்டு நேர்த்தி போலை. நாங்கள் கேக்கேல்லை."

"கடிதம் ஏதாவது?"

"ஒண்டும் இல்லை அக்கா."

அப்போது பின்கதவு திறந்து பாலாம்பிகை உள்ளே வந்தாள். கையில் வெறும் தட்டு. தலை ஈரமாக இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வாங்கோ அக்கா. காய்ச்சல் சுகமே?" என்று கேட்டுவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள்.

எனக்கு ஏதோ உறைத்தது. யாரிடமும் சொல்லாமல் முன்வாசல் வழியாக வெளியே வந்து, வீட்டைச் சுற்றி நிலக்கரிக் கொட்டிலுக்குப் போனேன். வயலெல்லாம் உறைபனி. பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன்.

தெற்குச் சுவரோரம், அந்தக் கல்லின் முன்னால், விஜயரத்தினம் சப்பணம் கட்டி உட்கார்ந்திருந்தார். கோட்டைக் கழற்றி மடித்துத் தள்ளி வைத்திருந்தார். அந்தக் குளிரில் மேலே ஒரு மெல்லிய சட்டை. கை கழுவிய தண்ணீர் பக்கத்தில் அதற்குள் உறையத் தொடங்கியிருந்தது. கல்லின் மேல் கோவா இலை. இலை நிறையச் சோறு. பத்தொன்பது வயதுப் பிள்ளை உண்கிற அவ்வளவு சோறு. அவர் அதை உருட்டி உருட்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கவளத்துக்கும் முன்னால் கை ஒரு கணம் நின்றது. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினார். பாதி முட்டையைத் தின்றார். மற்றப் பாதியையும் தின்றார். மரத்தின் மேலிருந்த காகம் ஒரு முறை கத்தியது. அவர் நிமிரவில்லை.

கடைசிப் பருக்கையைச் சுட்டுவிரலில் ஒற்றி எடுத்து வாயில் வைத்தார். கல்லைச் சுற்றித் தடவிப் பார்த்தார். ஒன்றும் சிந்தியிருக்கவில்லை. எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்தார். இலையைக் கையில் எடுத்து, ஆள்காட்டி விரலைக் காகத்தின் அலகுபோல வளைத்து, அதன் ஓரத்தில் நகத்தால் ஒரு கொத்துக் கொத்தினார். பிறகு நடுவில் ஒன்று. பிறகு மற்ற ஓரத்தில், சற்றுக் கிழியும்படி இன்னொன்று. கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இலையைக் கல்லின் மேல் இருந்த இடத்திலேயே விரித்து வைத்தார்.